340 அறை மாளிகை கட்டியவர், மனைவிக்குச் சொன்ன வீட்டைக் கட்டவில்லை: யார் இந்த லட்யன்ஸ்?

டெல்லி அரசியல் பற்றிப் பேச்சு வந்தாலே 'லட்யன்ஸ் டெல்லி' என்ற பெயரும் கூடவே வரும். குடியரசுத் தலைவர் மாளிகை, இந்தியா கேட், பெரிய தோட்டங்களோடு கூடிய பங்களாக்கள் எல்லாம் இருக்கும் பகுதி அது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர், பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ்.

பள்ளிக்கூடம் சரியாகப் போகாதவர்

1869-ல் லண்டனில் பிறந்தார். 13 பிள்ளைகளில் 10-வது. சின்ன வயதில் உடம்புக்கு முடியாமல் போனதால் பள்ளிப் படிப்பு ஒழுங்காக அமையவில்லை. சர்ரே பகுதி கிராமங்களில் தச்சர்களும் கொத்தனார்களும் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்தே நிறையக் கற்றுக்கொண்டார். ஒரு கண்ணாடித் துண்டு வழியாகக் கட்டடத்தைப் பார்த்து, கூர்மையாகச் சீவிய சோப்பால் அதன் மேலேயே கோடு போட்டுப் பழகுவாராம். இருபது வயதை ஒட்டிச் சொந்தமாகத் தொழில் தொடங்கிவிட்டார்.

பேழைக்குள் ஒரு வீடு

1897-ல் எமிலி லிட்டனைத் திருமணம் செய்தார். எமிலியின் அப்பா லிட்டன் பிரபு யார் தெரியுமா? தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோது, 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் ஆடம்பரமாக தர்பார் நடத்திய அதே வைஸ்ராய்தான்.

திருமணத்துக்கு முன் எமிலிக்கு லட்யன்ஸ் ஒரு சிறிய பேழையைப் பரிசாகக் கொடுத்தார். அதற்குள் இருந்த பொருட்களில் ஒன்று, இருவரும் வாழப்போகும் வெள்ளை வீட்டின் வரைபடம். ஆனால் அந்த வீடு கடைசிவரை காகிதத்தை விட்டு வெளியே வரவில்லை. பணக்காரர்களுக்குக் கிராமத்து மாளிகைகள், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கு நினைவுச் சின்னங்கள், மேரி ராணிக்கு ஒரு பொம்மை வீடு என்று எல்லாமே கட்டினார். ஐந்து பிள்ளைகளோடு அவர் குடும்பம் வாழ்ந்தது மட்டும் லண்டனில் வேறு யாரோ கட்டிய வீடுகளில்.

குறுக்கே வந்த அடையாறு

கணவர் எந்நேரமும் வேலை, பயணம். தனிமையில் இருந்த எமிலி 1910-ல் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். சென்னை அடையாறில் கண்டெடுக்கப்பட்டு, உலக குருவாக வளர்க்கப்பட்ட ஜே.கிருஷ்ணமூர்த்தியை அடுத்த ஆண்டு அன்னி பெசன்ட் லண்டனுக்கு அழைத்து வந்தார். அந்தச் சிறுவனுக்கு எமிலி ஒரு தாயாகவே ஆகிப்போனார். பெசன்ட்டின் ஹோம் ரூல் கோரிக்கையையும் ஆதரித்தார்.

இங்கேதான் சிக்கல். 1911-ல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று அறிவிப்பு வந்தது. 1912-ல் லட்யன்ஸ் இந்தியா வந்தார். கணவர் வைஸ்ராய்க்கு மாளிகை கட்டுகிறார். மனைவியோ இந்தியர்களுக்குத் தன்னாட்சி கேட்கிறார். இருவருக்கும் இடையே தூரம் கூடிக்கொண்டே போனது. ஆனால் கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை. ஒருவருக்கொருவர் ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். அவர் எமிலிக்கு எழுதியதில் ஒரு பகுதி 1985-ல் புத்தகமாகவும் வந்தது.

மறைந்துபோன மாளிகை

அந்தக் கடிதங்களில் இந்தியக் கட்டடக் கலையை மட்டம் தட்டியவர் லட்யன்ஸ். ஆனால் அவர் கட்டிய மாளிகையின் குவிமாடத்தில் சாஞ்சி ஸ்தூபியின் சாயல் தெரியும். வெயிலுக்கு அகலமான கல் தாழ்வாரம், கல் ஜாலி, சத்ரி என எல்லாம் இங்கிருந்து எடுத்ததுதான்.

செயலகக் கட்டடங்களை வடிவமைத்த ஹெர்பர்ட் பேக்கர் அவருடைய பழைய நண்பர். ரைசினா குன்றுக்கு ஏறும் சாலையின் சரிவால், கீழிருந்து வருபவர்களுக்கு மாளிகை பாதியில் மறைந்துவிடும். அந்தச் சரிவுக்கு லட்யன்ஸும் முதலில் ஒப்புக்கொண்டிருந்தார். பிறகு மாற்றச் சொல்லி மன்றாடியும் நடக்கவில்லை. நட்பு முறிந்ததுதான் மிச்சம்.

16 வருஷம்தான்

1931-ல் புது டெல்லி திறக்கப்பட்டது. 1944 ஜனவரி 1 அன்று லட்யன்ஸ் இறந்தார். அவர் கட்டிய மாளிகை பிரிட்டிஷ் வைஸ்ராய்களுக்குப் பயன்பட்டது வெறும் 16 ஆண்டுகள். 1948-ல் அங்கே குடியேறிய முதல் இந்திய கவர்னர் ஜெனரல் நம்ம ராஜாஜி. வைஸ்ராயின் பிரம்மாண்ட அறைகள் வேண்டாம் என்று, விருந்தினர் பகுதியில் இருந்த சில அறைகளில் தங்கிக்கொண்டார்.

1964 வரை வாழ்ந்த எமிலி, தான் ஆதரித்த இந்திய சுதந்திரத்தைக் கண்ணால் பார்த்தார். கணவர் கட்டிய மாளிகையில் இந்தியக் குடியரசுத் தலைவர்கள் வசிப்பதையும்தான்.