11 வயதில் ஒலிம்பிக், 19 வயதில் ஆங்கிலக் கால்வாய்: குளிர்ந்த நீருக்கு ஆரத்தி சாஹா தயாரானது எப்படி?

2020 செப்டம்பர் 24 அன்று கூகுள் தன் முகப்பில் ஒரு நீச்சல் வீராங்கனையின் ஓவியத்தை வைத்தது. அது ஆரத்தி சாஹாவின் 80-வது பிறந்தநாள். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் இவர்தான்.

இவரைப் பற்றிப் பேசும்போது 1959-ல் கிடைத்த அந்த வெற்றியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதற்கு 33 நாள் முன்புதான் அதே கால்வாயில் அவர் தோற்றிருந்தார். நீச்சல் தெரியாமலோ, உடம்பில் தெம்பு இல்லாமலோ அல்ல. அப்புறம் எதனால்?

ஹூக்ளி முதல் ஹெல்சின்கி வரை

1940-ல் கொல்கத்தாவில் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தவர் ஆரத்தி. இரண்டரை வயதில் அம்மாவை இழந்தார். பாட்டி வீட்டில் வளர்ந்தார். நாலு வயதில் மாமாவோடு ஹூக்ளி ஆற்றுப் படித்துறைக்குக் குளிக்கப் போகும்போதே நீச்சல் பழகிவிட்டார். அந்த ஆர்வத்தைப் பார்த்த அப்பா, ஹாட்கோலா நீச்சல் கிளப்பில் சேர்த்துவிட்டார்.

அங்கே அவருக்குக் கிடைத்த பயிற்சியாளர் சச்சின் நாக். 1951 டெல்லி ஆசியப் போட்டியில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்றவர். அடுத்த ஆண்டே ஆரத்தி ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் மார்பு நீச்சலில் இறங்கினார். இந்திய அணியில் மொத்தமே நாலு பெண்கள். இவருக்கு 12 வயதுகூட நிரம்பவில்லை.

கால்வாய் ஆசை

1958-ல் கிழக்கு பாகிஸ்தானைச் சேர்ந்த பிரஜென் தாஸ் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதே ஆண்டு மிஹிர் சென் அதைக் கடந்த முதல் இந்தியர் ஆனார். அடுத்த ஆண்டுப் போட்டிக்கு ஆரத்தியின் பெயரைச் சொன்னவர் பிரஜென் தாஸ். மிஹிர் சென்னும் ஊக்கம் கொடுத்தார்.

பிரச்சினை பணம்தான். கிளப்பைச் சேர்ந்த டாக்டர் அருண் குப்தா, ஆரத்தியின் நீச்சலைக் காட்சியாக நடத்தி நிதி திரட்டினார். மேற்கு வங்க முதல்வர் பி.சி.ராய் 11,000 ரூபாய் கொடுக்க ஏற்பாடு செய்தார்.

குளத்தில் 16 மணி நேரம்

1959 ஏப்ரல் 13 அன்று, தேஷ்பந்து பூங்கா குளத்தில் ஆயிரக்கணக்கானோர் பார்க்க, 8 மணி நேரம் நிற்காமல் நீந்தினார் ஆரத்தி. பிறகு அதையே 16 மணி நேரமாக இழுத்தார். தோள் தாங்குமா, தூக்கம் வருமா, நடுவில் மனசு விட்டுப்போகுமா என்பதற்கெல்லாம் அந்தக் குளத்திலேயே பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் ஏப்ரல் மாதக் கொல்கத்தா குளத்தால் ஒன்றைக் கற்றுக்கொடுக்க முடியாது. குளிர்!

குளிர் என்ன செய்யும்?

ஆகஸ்ட், செப்டம்பரில் ஆங்கிலக் கால்வாயின் நீர் சுமார் 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருக்கும். கேட்க அவ்வளவு பயமாக இருக்காது. ஆனால் காற்றைவிட நீர் உடல் சூட்டை சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்தும்.

பழக்கமில்லாதவர் அதில் இறங்கியதும் முதல் ஓரிரு நிமிடம் மூச்சு அவர் பேச்சைக் கேட்காது. தன்னையறியாமல் காற்றை உள்ளே இழுப்பார், இதயம் படபடக்கும். அந்த நேரத்தில் முகம் நீருக்குள் இருந்தால் ஆபத்து. அதைத் தாண்டினாலும் மெதுவாகக் கை, கால் விறைக்கும். பிறகு உடலின் உள்வெப்பம் குறையும்.

இதற்கு மருந்து ஒன்றுதான்: திரும்பத் திரும்ப, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பழகுவது. இன்று குளிர்ந்த ஏரிகளில் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர்களும் இதையேதான் செய்யச் சொல்கிறார்கள். எடுத்த எடுப்பில் குதிக்கக் கூடாது. முதலில் மூச்சு சீராக வேண்டும், அப்புறம்தான் நீச்சல். வெளியே வந்த பிறகும் சிறிது நேரம் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், கரையேறியதும் ஈரத்தைக் களைந்து காய்ந்த துணிக்கு மாறிவிட வேண்டும்.

கால்வாய் நீச்சலின் விதிகள் இன்னும் கடுமை. குளிர் தாங்கும் சூட் போட்டால் சாதனை கணக்கில் வராது. படகைப் பிடித்து ஓய்வெடுக்கவும் முடியாது.

முதல் முயற்சி

1959 ஜூலை 24-ம் தேதி ஆரத்தி இங்கிலாந்து கிளம்பினார். மேலாளராக அருண் குப்தா கூடப் போனார். ஆகஸ்ட் 13 முதல் கால்வாயிலேயே பயிற்சி. ஆகஸ்ட் 27 அன்று பிரான்ஸின் கேப் கிரி நே முனையிலிருந்து போட்டி.

ஆரத்திக்கு வழிகாட்ட வேண்டிய படகு 40 நிமிடம் தாமதமாக வந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். கால்வாயில் நீரோட்டம் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும். அதனால் அங்கே 40 நிமிடம் என்பது சின்ன விஷயம் இல்லை. இங்கிலாந்துக் கரை நெருங்கிய நேரத்தில் நீரோட்டம் எதிர்த்துத் திரும்பியது. எவ்வளவு நீந்தியும் முன்னேற முடியவில்லை. கடைசியில் படகில் ஏற வேண்டியதாயிற்று.

அந்த 33 நாட்கள்

கடன்பட்ட உதவி, வீணாகப் போன பயணம் என்று எண்ணி அவர் ஊர் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. அருண் குப்தாவும் நோயில் படுத்துவிட்டார். அப்படியும் ஆரத்தி பயிற்சியை விடவில்லை.

குளத்தில் கிடைக்காத பாடம் இந்த நாட்களில் கிடைத்தது. அதே குளிர், அதே அலை, அதே நீரோட்டம். தினமும் அதிலேயே இறங்கி ஏறியதில், கால்வாய் அவருக்குப் புது இடமாக இல்லாமல் போனது. செப்டம்பர் 24 அன்று 19 வயது நிரம்பியது. ஐந்தே நாளில், செப்டம்பர் 29 அன்று, மறுபடியும் அதே கேப் கிரி நே. இந்த முறை 16 மணி 20 நிமிடத்தில் இங்கிலாந்தின் சாண்ட்கேட் கரையைத் தொட்டார். அங்கே இந்தியக் கொடியை ஏற்றினார்.

குளத்தில் நீந்திய அதே 16 மணி நேரம்தான். ஆனால் குளத்திலிருந்து அந்தக் கரைக்கு வர நடுவில் ஒரு தோல்வி தேவைப்பட்டது.

அதன் பிறகு

1960-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விளையாட்டுக்காக அதைப் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆரத்தி. அருண் குப்தாவைத் திருமணம் செய்துகொண்டார், ரயில்வேயில் வேலை பார்த்தார். 1994 ஆகஸ்ட் 23 அன்று, மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு, 53 வயதில் காலமானார். 1999-ல் அஞ்சல் துறை அவர் நினைவாக ஒரு தபால்தலை வெளியிட்டது.