நாட்டியக் குழுவுடன் ஊர் ஊராகப் போன மகாகவி

ரவீந்திரநாத் தாகூர் என்றதும் நீண்ட வெள்ளைத் தாடி நினைவுக்கு வரும். "கீதாஞ்சலி"யும், நோபல் பரிசும், தேசிய கீதமும் நினைவுக்கு வரும்.

அவர் ஒரு நடிகர் என்பது பலருக்குத் தெரியாது.

நாடகம் எழுதுவார். பாட்டுக்கு மெட்டுப் போடுவார். ஒத்திகை நடத்துவார். பிறகு தாமே வேஷம் கட்டிக்கொண்டு மேடை ஏறுவார். 20 வயதுக்கு முன்பே ஏற்பட்ட அந்தப் பழக்கம், 70 வயதைத் தாண்டிய பிறகும் அவரை விடவில்லை.

வயதான காலத்தில் அவர் நாட்டியக் குழுவை அழைத்துக்கொண்டு ரெயில் ஏறி ஊர் ஊராகப் போனதற்குப் பெரிய காரணம், பணம். தாம் தொடங்கிய கல்வி நிலையத்தை மூடாமல் நடத்துவதற்கான பணம்.

வீட்டுக்குள் மேடை

தாகூர் பிறந்தது 1861-ம் ஆண்டு மே 7-ந்தேதி. கல்கத்தாவில் ஜோராசங்கோ என்ற பகுதியில் அவர்களது பெரிய வீடு இருந்தது. ஜமீன்தார் குடும்பம். வீட்டிலேயே மேடை போட்டு நாடகம் நடத்துவார்கள். அண்ணன் ஜோதிரிந்திரநாத் நாடக ஆசிரியர். தம்பிக்கு அந்த ஆசை ஒட்டிக்கொண்டதில் வியப்பு இல்லை.

1881-ம் ஆண்டில், "வால்மீகி பிரதிபா" என்ற இசை நாடகத்தை தாகூர் எழுதினார். கொள்ளைக்காரன் வால்மீகி கவிஞனாக மாறும் கதை. வால்மீகியாக தாகூரே நடித்தார். சரஸ்வதியாக நடித்தவர் அவருடைய அண்ணன் மகள் பிரதிபா.

அந்த நாளில் இது பெரிய துணிச்சல். கல்கத்தா தொழில்முறை நாடகங்களில் நடித்த பெண்கள், சமூகம் ஒதுக்கி வைத்த தெருக்களில் இருந்து வந்தவர்கள். கவுரவமான குடும்பத்துப் பெண் மேடை ஏறுவதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். தாகூர் வீட்டில் நடந்தது அழைப்பு பெற்ற விருந்தினர்களுக்கான நாடகம் என்பதால், ஊர் வாயை மூடிக்கொண்டது.

பொட்டல் காட்டில் பள்ளிக்கூடம்

கல்கத்தாவில் இருந்து ரெயிலில் போனால் சுமார் 150 கிலோ மீட்டர் தூரத்தில் போல்பூர் என்ற ஊர் இருக்கிறது. அதன் அருகே சிவப்பு மண் நிறைந்த பொட்டல் காட்டில், தாகூரின் தந்தை தேவேந்திரநாத் 1863-ல் 20 பிகா நிலத்தை நிரந்தரக் குத்தகைக்கு எடுத்தார். அங்கே இரண்டு ஏழிலைப்பாலை மரங்கள் இருந்தன. அவற்றின் நிழலில் அமர்ந்து அவர் தியானம் செய்வார். அங்கே கட்டிய வீட்டுக்கு "சாந்தி நிகேதன்" என்று பெயர் வைத்தார்.

அந்த இடத்தில் 1901-ம் ஆண்டு டிசம்பர் மாதம் தாகூர் பள்ளிக்கூடம் தொடங்கினார். முதலில் சேர்ந்த மாணவர்கள் 5 பேர்தான். அவர்களில் ஒருவன் அவருடைய சொந்த மகன் ரதீந்திரநாத்.

பணம் போதவில்லை. மனைவி மிருணாளினி தேவி நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். பூரியில் இருந்த வீடு விற்கப்பட்டது. மறு ஆண்டே மனைவி இறந்துபோனார். அடுத்த ஆண்டு மகள் ரேணுகா. 1907-ல் இளைய மகன் சமீந்திரன். அடுத்தடுத்து சாவு விழுந்தும் அவர் பள்ளிக்கூடத்தை மூடவில்லை.

பையன்கள் மட்டும் படித்த பள்ளிக்கூடம் அது. ஆகவே தொடக்கத்தில் பெண் பாத்திரமே இல்லாமல் நாடகம் எழுதினார். 1908-ல் எழுதிய "சாரதோத்சவ்" அப்படிப்பட்டது. பூஜை விடுமுறைக்கு மாணவர்கள் ஊருக்குப் புறப்படும் முன் நாடகம் போடுவது வழக்கம் ஆயிற்று. வாத்தியார்களும் வேஷம் போடுவார்கள். காலையில் கணக்குப் பாடம் நடத்தியவரை, மாலையில் தாடி மீசையுடன் மேடையில் பார்த்தால் பையன்களுக்குக் கொண்டாட்டம்தானே!

பாட்டு விஷயத்தில் தாகூருக்கு ஒரு பலவீனம் உண்டு. மெட்டுப் போட்ட சூட்டிலேயே மறந்து விடுவார். அதனால், புது மெட்டுப் பிறந்ததும் உறவினர் தினேந்திரநாத்துக்குப் பாடிக் காட்டுவார். அவர் அதை மனதில் வாங்கி, சுரம் எழுதி, மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து விடுவார். அந்த ஒரு மனிதர் இல்லை என்றால் எத்தனை பாட்டுகள் காற்றோடு போயிருக்குமோ!

1916-ல் வங்காளத்தில் பாங்குரா பகுதியில் பஞ்சம். சாந்தி நிகேதன் குழு கல்கத்தாவுக்குப் போய், "பால்குனி" நாடகம் நடத்தி நிதி திரட்டியது. அதில் கண் தெரியாத பாடகனாக தாகூர் நடித்தார். நோபல் பரிசு வாங்கி இரண்டு ஆண்டு ஆகியிருந்த நேரம் அது. மறு ஆண்டு கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது, தாகூரின் "தபால் நிலையம்" நாடகத்தை அவர் வீட்டிலேயே நடத்தினார்கள். திலகர், காந்தி, அன்னிபெசன்ட், மாளவியா ஆகியோர் வந்து பார்த்தார்கள்.

1923-ல் "விசர்ஜன்" நாடகத்தில் ஜெயசிங் என்ற இளைஞனாக நடித்தார். அப்போது அவருக்கு வயது 62.

மணிப்பூர் வாத்தியார்

1919-ம் ஆண்டு நவம்பர் மாதம், தாகூர் சில்ஹெட் நகருக்குப் போனார். (இன்று அது வங்காளதேசத்தில் இருக்கிறது.) அங்கே வாழ்ந்த மணிப்பூரி மக்கள் அவருக்கு நாட்டியம் ஆடிக் காட்டினார்கள். அலட்டல் இல்லாத, மென்மையான அந்த ஆட்டம் அவர் மனதைக் கவர்ந்தது. உடனே திரிபுரா அரண்மனையின் உதவியைக் கேட்டு, புத்திமந்த சிங் என்ற மணிப்பூரி நாட்டிய ஆசிரியரை சாந்தி நிகேதனுக்கு வரவழைத்தார்.

1921-ல் பள்ளிக்கூடம் "விசுவபாரதி" என்ற கல்வி நிலையமாக வளர்ந்தது. வெளிநாட்டுப் பேராசிரியர்கள் வந்தார்கள். மாணவிகள் சேர்ந்தார்கள். ஆனால் நாட்டியத்தைப் பாடமாக வைத்த கல்வி நிலையம் அன்று இந்தியாவில் எங்கே இருந்தது? படிக்க அனுப்பிய பெண் சலங்கை கட்டி ஆடுகிறாள் என்று கேள்விப்பட்டால் எந்தத் தகப்பனார் சும்மா இருப்பார்?

இந்தக் கேள்விக்கு 1926-ல் ஒரு நாடகத்தால் பதில் சொன்னார், தாகூர்.

நடனக்காரியின் பூஜை

நாடகத்தின் பெயர் "நடீர் பூஜா". அதாவது, நடனக்காரியின் பூஜை. புத்தர் காலத்துக் கதை. அரசன் அஜாதசத்ரு, புத்த வழிபாட்டுக்குத் தடை விதிக்கிறான். வழிபட்டால் மரண தண்டனை. அரண்மனை நடனக்காரி ஸ்ரீமதி, புத்தர் மீது பக்தி கொண்டவள். அவளை அவமானப்படுத்துவதற்காக, வழிபாட்டு மேடைக்கு முன்னாலேயே ஆடும்படி உத்தரவு வருகிறது. அவள் ஆடுகிறாள். ஆடிக்கொண்டே ஆபரணங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிகிறாள். கடைசியில் எஞ்சுவது பிட்சுணியின் எளிய உடை. அவளைக் கொன்று விடுகிறார்கள்.

யாரைக் கேவலமாகப் பார்த்தார்களோ, அந்த நடனக்காரிதான் நாடகத்தின் தெய்வப் பெண். தாகூரின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. ஆட்டத்தைப் பழிக்க வருகிறவன், அந்தக் கொடிய அரண்மனைக்காரர்களின் பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும்!

தாகூரின் பிறந்த நாளில் சாந்தி நிகேதனில் நாடகம் நடந்தது. நடித்தவர்கள் அனைவரும் பெண்கள். ஸ்ரீமதியாக ஆடியவர் கவுரி. புகழ் பெற்ற ஓவியர் நந்தலால் போசின் மகள். அவருக்கு ஆடக் கற்றுக் கொடுத்தவர் நவகுமார் சிங் என்ற மணிப்பூரி ஆசிரியர்.

சாந்தி நிகேதனில் பார்த்தவர்கள் எல்லோரும் வீட்டு மனிதர்கள். கல்கத்தா அப்படி அல்ல. 1927 ஜனவரியில் நாடகத்தை அங்கே நடத்த முடிவு செய்தபோது, உபாலி என்ற புத்த பிட்சுவின் பாத்திரத்தை தாகூர் புதிதாகச் சேர்த்தார். அந்த வேஷத்தைத் தாமே போட்டுக்கொண்டார். தாகூரே மேடையில் இருக்கும்போது, உடன் ஆடும் பெண்களைப் பற்றி யாரும் தவறாகப் பேசத் துணிய மாட்டார்கள் என்பதே காரணம் என்று கூறுவார்கள். அவர் கணக்குத் தப்பவில்லை.

சென்னை அடையாறில் ருக்மிணி தேவி முதன்முதலாக மேடையில் பரதம் ஆடியது 1935-ல். அதற்கும் எவ்வளவோ எதிர்ப்பு. அதற்கு 9 ஆண்டு முன்னால் ஒரு பேராசிரியரின் மகள் ஆடினார் என்பதை வைத்துப் பார்த்தால், இதன் பெருமை விளங்கும்.

1932-ல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் கம்பெனி "நடீர் பூஜா"வைப் படமாக எடுத்தது. டைரக்ட் செய்தவர் தாகூரே. பிறகு ஸ்டூடியோவில் ஏற்பட்ட தீ விபத்தில் அந்தப் படம் அழிந்துவிட்டது.

மதுரை மீனாட்சி மெட்டு

நல்லது எங்கே இருந்தாலும் சாந்தி நிகேதனுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் கொள்கை. 1927-ல் ஜாவா, பாலித் தீவுகளுக்குப் போய் அங்குள்ள நாட்டிய நாடகங்களைப் பார்த்து வந்தார். சாந்திதேவ் கோஷ் என்ற மாணவரை கேரளத்துக்கு அனுப்பி, கதகளி கற்றுவரச் செய்தார். இலங்கைக்கு அனுப்பி, கண்டி நடனம் கற்றுவரச் செய்தார்.

தமிழ்நாட்டில் இருந்தும் ஒரு செல்வம் போயிற்று. சென்னையில் இருந்து சாவித்திரி என்ற மாணவி சாந்தி நிகேதனில் போய்ச் சேர்ந்தார். நல்ல குரல். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர். மதுரை மீனாட்சி அம்மன் மீது முத்துசாமி தீட்சிதர் இயற்றிய "மீனாட்சி மே முதம்" கீர்த்தனையை அவர் பாட, தாகூர் கேட்டார். அதே மெட்டில் வசந்த காலத்தைப் பற்றி ஒரு வங்காளிப் பாட்டு எழுதிவிட்டார். இன்று கல்கத்தா வீடுகளில் அந்தப் பாட்டைப் பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது மதுரைச் சரக்கு என்று தெரியுமோ!

இந்திரா காந்தியும் 1934-ல் சாந்தி நிகேதனில் சேர்ந்து சில மாதங்கள் படித்தார். மணிப்பூரி நடனம் கற்றுக்கொண்டார்.

ஆடல், பாடலுக்கெல்லாம் அணிவகுப்பு அமைத்தவர் தாகூரின் மருமகள் பிரதிமா தேவி. எந்த உடை, எந்த அடவு, யார் எங்கே நிற்பது என்பதை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தார். மாமனாரின் பெயருக்குப் பின்னால் அவர் பெயர் மறைந்துபோனது நியாயம் அல்ல.

60 ஆயிரம் ரூபாய்

கலை வளர்ந்தது. கூடவே கடனும் வளர்ந்தது. விசுவபாரதிக்குப் பெரிய அரசாங்க உதவி கிடையாது. வெள்ளைக்கார சர்க்காரின் "சர்" பட்டத்தை 1919-ல் ஜாலியன்வாலா பாக் படுகொலைக்காக வேண்டாம் என்று சொன்னவர் போய், அவர்களிடமே கை நீட்ட முடியுமா?

எனவே நாட்டியக் குழுவுடன் புறப்பட்டார். 1934-ல் இலங்கைக்குப் போனார். அதே ஆண்டு சென்னைக்கும் வந்தார்.

1936 மார்ச் மாதம் "சித்ராங்கதா" நாட்டிய நாடகம் கல்கத்தாவில் அரங்கேறியது. அர்ஜுனனைக் காதலித்த மணிப்பூர் இளவரசியின் கதை. அது முடிந்ததும் மாணவ, மாணவிகளை அழைத்துக்கொண்டு பாட்னா, அலகாபாத், லாகூர், டெல்லி என்று சுற்றுப்பயணம் கிளம்பினார். வயது 75-ஐ நெருங்கிவிட்டது. உடம்பில் தெம்பு இல்லை. மேடை ஓரத்தில் அமர்ந்திருப்பார். ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்களைவிட, அவரைப் பார்க்க வந்தவர்கள் அதிகம் என்று சொன்னாலும் தப்பு இல்லை.

அப்போது காந்தி டெல்லியில் இருந்தார். இந்த வயதில் கவிஞர் பணத்துக்காக அலைவது அவருக்குப் பொறுக்கவில்லை. எவ்வளவு பணம் தேவை என்று விசாரித்தார். 60 ஆயிரம் ரூபாய் பற்றாக்குறை என்று தெரிந்தது. சில நாட்களுக்குள் ரூ.60 ஆயிரத்துக்கான செக் தாகூர் கைக்கு வந்து சேர்ந்தது. கொடுத்தவர்கள் பெயரை வெளியிடவில்லை. இனி இப்படி அலைய வேண்டாம் என்று காந்தி கேட்டுக்கொண்டார். அந்தச் சுற்றுப்பயணம் அதோடு முடிந்தது.

ஆனாலும், பணத்துக்காக மட்டுமே தாகூர் மேடை ஏறினார் என்று சொல்லிவிட முடியாது. கடன் தீர்ந்த பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 1938-ல் "சண்டாலிகா"வை நாட்டிய நாடகம் ஆக்கினார். தாழ்த்தப்பட்ட பெண்ணிடம் புத்த பிட்சு ஆனந்தர் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் கதை. 1939-ல் "சியாமா" வந்தது.

1940 பிப்ரவரியில் காந்தி சாந்தி நிகேதன் வந்தார். அவர் திரும்பும்போது தாகூர் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தார். தமக்குப் பிறகு விசுவபாரதியைக் காப்பாற்றும்படி அதில் கேட்டிருந்தார்.

1941 ஜூலை 25-ந்தேதி, ஆபரேஷனுக்காக தாகூரை கல்கத்தாவுக்கு அழைத்துப் போனார்கள். அவர் திரும்பவில்லை. ஆகஸ்டு 7-ந்தேதி, பிறந்த அதே ஜோராசங்கோ வீட்டில் காலமானார்.

காந்தி அந்தக் கடிதத்தை மவுலானா ஆசாத்திடம் ஒப்படைத்தார். ஆசாத் சுதந்திர இந்தியாவின் கல்வி மந்திரி ஆனார். 1951-ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, விசுவபாரதியை மத்திய பல்கலைக்கழகம் ஆக்கியது. அதன் பிறகு, வாத்தியார் சம்பளத்துக்காக சாந்தி நிகேதன் மாணவிகள் ஊர் ஊராகப் போய் ஆட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.