சட்டிப் பானைகளின் நடுவே ஜெபம்

பாரிஸ் நகரில் வொழிரார் என்று ஒரு தெரு. 17-ம் நூற்றாண்டில் அந்தத் தெருவில் ஒரு பெரிய மடம் இருந்தது. கார்மேல் சபைத் துறவிகளின் மடம் அது.

அந்த மடத்தின் சமையல்காரரைத் தேடிப் பலர் வந்தார்கள். குருமார்கள் வந்தார்கள். பின்னாளில் ஆர்ச் பிஷப் ஆன பெனலான் என்ற பேரறிஞரும் வந்தார். வேறு மடங்களில் இருந்த கன்னியர்கள் கடிதம் எழுதினார்கள்.

சாப்பாட்டின் ருசிக்காக அல்ல. ஜெபம் செய்வது எப்படி என்று கேட்பதற்காக!

அந்தச் சமையல்காரர் அதிகம் படித்தவர் அல்ல. கால் ஊனமானவர். அவர் பெயர் லாரன்ஸ்.

மொட்டை மரம்

துறவி ஆகும் முன்பு அவருக்கு நிக்கோலாஸ் எர்மான் என்று பெயர். பிரான்சு நாட்டின் கிழக்கே லொரேன் என்ற பிரதேசம் இருக்கிறது. அங்கே லூனேவில் ஊருக்குப் பக்கத்தில் எரிமெனில் என்ற சிற்றூர். அதில் சுமார் 1614-ம் ஆண்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்தார்.

அவருக்கு வயது 18. குளிர் காலம். வழியில் ஒரு மரம் மொட்டையாக நின்றது. ஓர் இலை கூட இல்லை. நிக்கோலாஸ் அதைப் பார்த்தார். இன்னும் சில நாளில் இதே மரம் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் வந்தது. இதைச் செய்கிறவர் எவ்வளவு வல்லவர் என்று நினைத்தார். அந்த நினைப்பு அவர் மனதைப் பிடித்துக்கொண்டது. சாகும் வரை விடவில்லை.

மரம் எல்லார் கண்ணிலும்தான் படுகிறது. அவருக்கு மட்டும் அது கடவுளைக் காட்டியது.

ஆனால் அவர் உடனே மடத்துக்குப் போய்விடவில்லை. பட்டாளத்துக்குப் போனார்!

தூக்குக் கயிறு

அப்பொழுது ஐரோப்பாவில் பெரும் போர் நடந்துகொண்டிருந்தது. 1618-ல் தொடங்கி 1648 வரை 30 ஆண்டுகள் நடந்த போர் அது. லொரேன் படையில் நிக்கோலாஸ் சிப்பாய் ஆனார்.

ஒரு நாள் ஜெர்மன் படையினர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒற்றன் என்று சந்தேகப்பட்டார்கள். தூக்கில் போட்டுவிடுவோம் என்று மிரட்டினார்கள். நிக்கோலாஸ் நடுங்கவில்லை. தாம் ஒற்றன் அல்ல என்றும், குற்றம் செய்யாத மனதுக்குச் சாவு பயம் இல்லை என்றும் சொன்னார். அவருடைய தைரியத்தைக் கண்டு விட்டுவிட்டார்கள்.

பிறகு ராம்பர்வில்லே என்ற ஊரை சுவீடன் படை தாக்கியது. அந்தச் சண்டையில் அவருக்குக் காயம் பட்டது. பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினார். கால் மட்டும் சரியாகவில்லை. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் நொண்டி நொண்டித்தான் நடந்தார்.

சிப்பாய் வேலை போயிற்று. பாரிசில் ஒரு பெரிய அதிகாரி வீட்டில் வேலைக்காரர் ஆனார். எதைத் தொட்டாலும் உடைத்துவிடுவார். அப்படி ஒரு கைராசி!

1640-ம் ஆண்டு கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அப்பொழுது வயது 26. குருப்பட்டம் பெறும் அளவுக்குப் படிப்பு இல்லை. அதனால் மடத்து வேலைகளைச் செய்யும் சகோதரராகச் சேர்ந்தார். லாரன்ஸ் என்ற புதுப் பெயர் கிடைத்தது.

தம் தவறுகளுக்கும் மந்தபுத்திக்கும் மடத்தில் நல்ல தண்டனை கிடைக்கும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். சுகம் எல்லாம் போகட்டும் என்று துணிந்து வந்தார். கடவுள் தம்மை ஏமாற்றிவிட்டார் என்று பின்னாளில் சிரிப்பார். கஷ்டத்தை எதிர்பார்த்து வந்தவருக்குக் கடைசியில் கிடைத்தது திருப்தி. ஆனால் அது எளிதில் கிடைக்கவில்லை.

இருண்ட ஆண்டுகள்

முதல் 10 ஆண்டுகள் அவருக்கு மனதில் பெரும் போராட்டம். பழைய பாவங்கள் கண் முன்னே வந்து நின்றன. விழுவார், எழுவார், மறுபடியும் விழுவார்.

ஜெபத்தைப் பற்றிய புத்தகங்களைப் படித்துப் பார்த்தார். ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு வழி சொன்னது. குழப்பம்தான் அதிகம் ஆயிற்று.

தாம் நரகத்துக்குத்தான் போவோம் என்ற எண்ணமும் வந்தது. யார் என்ன சொன்னாலும் அது போகாது போல் இருந்தது. அந்த வேதனை மட்டும் 4 ஆண்டுகள் நீடித்தது.

மடத்தை விட்டுப் போயிருக்கலாம். ஜெபத்தையாவது விட்டிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. மோட்சமோ நரகமோ, அது கடவுள் பாடு. உயிர் உள்ளவரை அவர் மேல் வைத்த அன்புக்காகவே எல்லாவற்றையும் செய்வேன் என்று முடிவு செய்தார். இந்த வேதனை ஆயுள் முழுவதும் இருந்தாலும் இருக்கட்டும் என்று ஒப்புக்கொடுத்தார்.

அப்படி ஒப்புக்கொடுத்த பிறகுதான் மாறுதல் வந்தது. திடீர் என்று மனதில் அமைதி பிறந்தது. தம் வீட்டுக்கு வந்து சேர்ந்தவரைப்போல அவர் உள்ளம் தங்கிவிட்டது.

பிடிக்காத வேலை

மடத்தில் அவருக்குக் கொடுத்த வேலை சமையல். அது அவருக்கு இயல்பாகவே பிடிக்காத வேலை! ஆனாலும் 15 ஆண்டுகள் செய்தார்.

அவர் வழி மிகவும் எளிது. வேலை தொடங்கும் முன், துணை இருக்கும்படி கடவுளைக் கேட்பார். வேலை நடக்கும்போது, பக்கத்தில் நிற்பவரோடு பேசுவது போலக் கடவுளோடு மனதுக்குள் பேசுவார். வேலை முடிந்ததும் சரிபார்ப்பார். நன்றாக நடந்திருந்தால் நன்றி சொல்வார். தவறு நடந்திருந்தால் மன்னிப்புக் கேட்பார். என்னை என் போக்கில் விட்டால் இப்படித்தான் செய்வேன் என்று கடவுளிடமே முறையிடுவார். பிறகு அதையே நினைத்து வருந்திக்கொண்டிருக்க மாட்டார். அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

வாணலியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதும் கடவுளுக்காக. தரையில் கிடக்கும் துரும்பை எடுப்பதும் கடவுளுக்காக. கோவிலில் முழங்காலில் இருக்கும் நேரமும், நாலு பேர் நாலு பக்கம் கூப்பிடும் சமையல் நேரமும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன.

ஒயின் வாங்கப் போன கதை வேடிக்கையானது. மடத்துக்கு ஒயின் வாங்கிவர ஒவேர்ஞ், பர்கண்டி ஆகிய தூர இடங்களுக்கு அனுப்பினார்கள். அவருக்கு வியாபாரம் தெரியாது. கால் வேறு ஊனம். படகில் நடக்க முடியாமல் பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டு போனார்! இது உம்முடைய காரியம் என்று கடவுளிடம் சொல்லிவிட்டுப் போனார். கொள்முதல் நன்றாகவே முடிந்தது.

பிறகு சமையலில் இருந்து மாற்றி, மிதியடி தைக்கும் வேலை கொடுத்தார்கள். அங்கேயும் அதே ஜெபம்தான்.

கதவடியில் பிச்சைக்காரன்

1666-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந்தேதி, போஃபோர் என்ற குருவானவர் அவரைப் பார்க்க வந்தார். மறுபடியும் மறுபடியும் வந்தார். லாரன்ஸ் சொன்னதை எல்லாம் எழுதி வைத்தார். அவர் எழுதி வைத்திராவிட்டால் லாரன்ஸ் யார் என்று இன்று யாருக்கும் தெரிந்திராது.

ஜெபத்தில் மனம் அலைகிறதே என்று ஒருவர் கடிதத்தில் கேட்டிருந்தார். எல்லார் வீட்டிலும் உள்ள தொல்லைதான் இது! பணக்காரர் வீட்டு வாசலில், பேச்சும் வராமல் காலும் வராமல் கிடக்கும் பிச்சைக்காரனைப்போலக் கடவுள் முன் இருக்கும்படி லாரன்ஸ் பதில் எழுதினார். நிறைய வார்த்தை வேண்டாம். வார்த்தை பெருகினால் மனம் ஓடும். ஓடினால் கோபப்படாமல் மெதுவாகத் திருப்பிக் கொண்டுவரவேண்டும் என்று விளக்கினார்.

சாப்பிட உட்காரும்போதும், நாலு பேரோடு இருக்கும்போதும் ஒரு கணம் கடவுளை நினைத்தால் போதும் என்று வேறு ஒருவருக்கு எழுதினார். போருக்குப் போகும் சிப்பாய் கையில் வாளோடு ஓடும்போதும் அப்படி நினைக்கலாம் என்பது இந்தப் பழைய சிப்பாயின் யோசனை.

கடைசி நாள்

முதுமையில் கால் வலி அதிகம் ஆயிற்று. காலில் புண்ணும் வைத்தது. பெனலான் வந்து பார்த்தபோது நோய் கடுமையாக இருந்தது. முகத்திலோ சிரிப்பு இருந்தது.

சாகும் தறுவாயில், என்ன செய்கிறீர் என்று கேட்டார்கள். மோட்சத்தில் என்றென்றும் செய்யப்போவதைத்தான் இப்பொழுதும் செய்கிறேன், கடவுளைத் துதிக்கிறேன் என்று அமைதியாகப் பதில் சொன்னார்.

1691-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந்தேதி காலமானார்.

மறு ஆண்டே, 1692-ல், அவருடைய கடிதங்களைப் போஃபோர் அச்சிட்டார். 1694-ல் உரையாடல்களும் வெளிவந்தன. கத்தோலிக்கத் துறவியின் அந்தச் சிறிய புத்தகத்தைப் புராட்டஸ்டண்டு சபையாரும் விரும்பிப் படித்தார்கள். இங்கிலாந்தில் மெதடிஸ்டு சபையைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி, தாம் வெளியிட்ட நூல் வரிசையில் அதன் பகுதிகளைச் சேர்த்தார்.

மடம் இருந்த இடத்தில் பிற்காலத்தில் கத்தோலிக்கக் கல்லூரி ஒன்று அமைந்தது. லாரன்ஸ் ஜெபம் செய்த கோவில் இன்றும் வொழிரார் தெருவில் நிற்கிறது.