ஒன்பது புள்ளி வட்டம்: 22 வயதில் சாதனை, இரண்டே ஆண்டில் சிறை... யார் இந்த ஃபோயர்பாக்?

ஒரு முக்கோணம் வரையுங்க. எந்த முக்கோணமா இருந்தாலும் சரி. மூன்று பக்கங்களின் நடுப்புள்ளிகளையும், மூன்று முனைகளிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு வரையும் குத்துக்கோடுகள் போய் நிற்கும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்க. இந்த ஆறு புள்ளிகள் வழியாகவும் ஒரே வட்டம் போகும். குத்துக்கோடுகள் சந்திக்கும் செங்கோட்டு மையத்துக்கும் ஒவ்வொரு முனைக்கும் இடையிலுள்ள நடுப்புள்ளிகளும் அதே வட்டத்தில்தான் இருக்கும். மொத்தம் ஒன்பது. அதனால் பெயர், ஒன்பது புள்ளி வட்டம். ஜெர்மனியில் இதற்கு ஃபோயர்பாக் வட்டம் என்று பெயர்.

உண்மையில் ஒன்பது புள்ளிகளையும் 1821லேயே நிரூபித்தவர்கள் பிரான்ஸின் பிரியான்ஷோன், போன்சலே. கார்ல் வில்ஹெல்ம் ஃபோயர்பாக் சொன்னது ஆறு புள்ளிகளைத்தான். அப்புறம் ஏன் அவர் பெயர்?

1822ல் வெளியான சிறிய புத்தகத்தில் அவர் இன்னொரு படி மேலே போனார். முக்கோணத்துக்குள் மூன்று பக்கங்களையும் தொடும் உள்வட்டம் ஒன்று இருக்கிறது. வெளியே, ஒரு பக்கத்தையும் மற்ற இரு பக்கங்களின் நீட்சியையும் தொடும் வட்டங்கள் மூன்று. இந்த நான்கையும் ஒன்பது புள்ளி வட்டம் சரியாகத் தொட்டு நிற்கும், எதையும் வெட்டாது என்று நிரூபித்தார். முக்கோணத்தை எப்படி மாற்றினாலும் இது மாறாது. (சமபக்க முக்கோணத்தில் மட்டும் உள்வட்டமும் இதுவும் ஒன்றாகவே ஆகிவிடும்.) வடிவியலின் மிக அழகான தேற்றங்களில் ஒன்று இது என்று தயங்காமல் சொல்லலாம்.

சட்டம் எழுதிய அப்பா, சிறையில் மகன்

1800 மே 30ல் ஜெர்மனியின் யேனா நகரில் பிறந்தவர் கார்ல். அப்பா பெரிய சட்ட நிபுணர். பவேரியாவில் விசாரணைச் சித்ரவதை 1806ல் ஒழிக்கப்பட்டதற்கு முக்கியக் காரணமே அவர்தான். 1813ல் வந்த குற்றவியல் சட்டத்தை எழுதியவரும் அவரே. தம்பி லுட்விக், பின்னாளில் கார்ல் மார்க்ஸைப் பாதித்த தத்துவவாதி.

புத்தகம் வந்த கையோடு எர்லாங்கன் பள்ளியில் கணித ஆசிரியர் வேலையும் கிடைத்தது. ஆனா, மாணவர் அமைப்புகளை அரசுகள் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. 1824 மே மாதம், பள்ளிக்குப் போகும் வழியில் கார்ல் கைது செய்யப்பட்டார். கல்லூரிக் கால அரசியல் தொடர்புதான் காரணம். அவரோடு சேர்த்து 20 இளைஞர்கள் பிடிபட்டனர்.

மியூனிக் சிறையில் மனம் உடைந்தது. தான் இறந்தால் மற்ற 19 பேரும் விடுதலையாவார்கள் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. இரண்டு முறை உயிரை மாய்க்க முயன்றார், காப்பாற்றப்பட்டார். ஆனால் நடை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. சுமார் 14 மாதங்களுக்குப் பிறகு எல்லோரும் விடுவிக்கப்பட்டனர், அதற்குள் இறந்துபோன ஒருவரைத் தவிர.

சட்டத்தையே சீர்திருத்தியவரின் மகனுக்கு, அதே பவேரியாவில் நடந்தது இது.

வகுப்பறையில் வாள்

விடுதலைக்குப் பிறகு ஹோஃப் நகரில் ஆசிரியர் வேலை, மறுபடி மனநலப் பாதிப்பு. இதற்கு நடுவிலும் 1827ல் நான்முகி பற்றி ஒரு ஆய்வு நூல் வெளியிட்டார். 1828ல் எர்லாங்கனுக்கே திரும்பினார். ஒருநாள் உருவிய வாளோடு வகுப்புக்குள் வந்து, கரும்பலகையில் இருந்த சமன்பாடுகளைப் போடத் தெரியாதவர்களின் தலையை வெட்டுவேன் என்று மிரட்டினாராம். இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்பவர்கள் பலர், சிறைவாசத்தை மட்டும் விட்டுவிடுவார்கள்.

வேலை போனது. கடைசி ஆறு ஆண்டுகள் எர்லாங்கனில் யாரோடும் சேராமல் தனியாக வாழ்ந்து, 1834 மார்ச் 12ல் இறந்தார். வயது 33.

உள்வட்டமும் ஒன்பது புள்ளி வட்டமும் தொடும் அந்த ஒற்றைப் புள்ளிக்கு இன்றும் ஃபோயர்பாக் புள்ளி என்றுதான் பெயர்.