புருவம் கொடுத்த டாக்டர்

கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டின் கதை

பழனிக்குப் போய் மொட்டை போட்டுக் கொள்கிறோம். ஊர் திரும்பிய சில நாட்களிலேயே தலை கறுக்கத் தொடங்குகிறது. மாதங்கள் போனால் பழையபடி முடி வளர்ந்து விடுகிறது. கத்தி வெளியே இருக்கும் முடியைத்தான் எடுக்கிறது. தோலுக்குள் இருக்கும் வேரை அது தொடுவதில்லை.

பெண்கள் நூலால் புருவத்தைத் திருத்திக் கொள்கிறார்கள். அதுவும் நிலைப்பதில்லை. சில வாரங்களில் முடி மறுபடி எட்டிப் பார்க்கும். முடி பிறக்கும் குழி தோலுக்குள் உயிரோடு இருப்பதே காரணம்.

முடி திரும்ப வரவே கூடாது என்றால் அந்தக் குழியையே அழிக்க வேண்டும். அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரில் இருந்த சார்லஸ் மிஷேல் என்ற கண் டாக்டர் இதற்கு வழி கண்டார். சிலருக்கு இமை முடி உட்பக்கமாக வளைந்து கண்ணைக் குத்தும். அவர்களுக்காக, மெல்லிய ஊசியை முடிக்குழியில் விட்டு மின்சாரம் பாய்ச்சினார். 1875-ல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். கண்ணைக் காப்பாற்ற வந்த அந்த ஊசி, பிறகு புருவத்தை அழகுபடுத்தவும் பயன்பட்டது.

ஆனால், ஊசியும் மின்சாரமும் இல்லாமலே புருவத்தின் வேரை அழிக்கும் ஒன்று உலகில் இருந்தது. அதுதான் தொழுநோய். அது கேட்டுக் கொண்டு வரவில்லை. அழகு செய்யவும் வரவில்லை. புருவம் போனவரை ஊரே ஒதுக்கி வைத்தது.

அப்படி ஒதுக்கப்பட்டவர்களுக்கு மறுபடியும் புருவம் கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் டாக்டர் பால் பிராண்ட்.

கொல்லிமலைப் பிள்ளை

பழனி மலைக்கு வடகிழக்கே, நாமக்கல் பக்கம் இருப்பது கொல்லிமலை. 1914-ஆம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி பால் பிராண்ட் அங்கே பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் ஈவ்லின். இருவரும் இங்கிலாந்தில் இருந்து வந்த பாதிரியார் குடும்பத்தினர்.

அந்தக் காலத்தில் கொல்லிமலைக்குச் சாலை இல்லை. டாக்டரும் இல்லை. ஜெஸ்ஸி கொஞ்சம் வைத்தியம் படித்திருந்தார். காய்ச்சல், புண், பல்வலி என்று எது வந்தாலும் மலைமக்கள் அவரிடமே வந்தார்கள்.

ஒரு நாள் தொழுநோய் கண்ட சிலர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். குழந்தைகளை உள்ளே போகச் சொல்லி விட்டார் தந்தை. கையுறை மாட்டிக் கொண்டு, வந்தவர்களின் கால் புண்ணைக் கழுவிக் கட்டினார். சிறுவன் பால் ஒளிந்திருந்து அதைப் பார்த்தான். எதற்கும் அஞ்சாத அப்பா இதற்கு மட்டும் அஞ்சுகிறாரே என்று அவனுக்கு வியப்பாக இருந்தது. அந்தக் காட்சி அவன் மனத்தில் பதிந்து விட்டது.

9 வயதில் பாலைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். தந்தையும் மகனும் அதன்பின் சந்திக்கவே இல்லை. 1929-ல் ஜெஸ்ஸி விஷக் காய்ச்சலில் இறந்து போனார். தந்தி உடனே லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. தந்தை முன்பே எழுதிய கடிதமோ கப்பலில் மெதுவாக வந்தது. தந்தை இறந்த செய்தி தெரிந்த பிறகு, அவர் கைப்பட எழுதிய கடிதத்தை மகன் பிரித்துப் படித்தான்.

கொத்து வேலையும் தச்சு வேலையும்

பால் முதலில் டாக்டர் ஆக விரும்பவில்லை. ரத்தத்தையும் சீழையும் கண்டால் அவருக்குப் பிடிக்காது. அதனால் வீடு கட்டும் தொழிலுக்குப் போனார். சில ஆண்டுகள் கல் அடுக்கினார், மரம் இழைத்தார்.

பிறகு மனம் மாறியது. லண்டனில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடன் படித்த மார்கரெட்டை 1943-ல் மணந்தார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. லண்டன் மீது குண்டுகள் விழுந்தன. கை நசுங்கியவர்களும் முகம் கிழிந்தவர்களும் ஆஸ்பத்திரிக்கு வந்தபடி இருந்தார்கள். பால் அங்கேதான் அறுவைச் சிகிச்சையில் தேர்ந்தார். தச்சு வேலை பழகிய கை, கத்தி பிடிக்கவும் நன்றாகவே உதவியது.

வேலூர் அழைத்தது

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியை நம்மில் தெரியாதவர் இல்லை. 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு அதைத் தொடங்கியவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் ஓய்வு பெற்ற பின் கொடைக்கானலில் வாழ்ந்து, 1960-ல் அங்கேயே காலமானார்.

1946-ல் பால் பிராண்ட் வேலூருக்கு வந்தார். மனைவி மார்கரெட் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார். தொழுநோய் வைத்தியத்தில் பெயர் பெற்ற டாக்டர் ராபர்ட் காக்ரேன், பிராண்டைச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் காட்டினார்.

அங்கே விரல்கள் மடங்கிப் போன கைகளைப் பார்த்தார் பிராண்ட். எலும்பு டாக்டர்கள் எல்லாரும் முடவர்களைப் பார்க்கிறார்களே, இவர்களை ஏன் யாருமே பார்க்கவில்லை என்று அவருக்குத் தோன்றியது.

மடங்கிய கையுள்ள ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். சக்தியே இருக்காது என்று எண்ணினார். ஆனால் அந்த மனிதர் அழுத்திய அழுத்தில் பிராண்டுக்கு வலி தாங்கவில்லை! கை முழுவதும் சாகவில்லை. சில நரம்புகள்தான் செத்திருக்கின்றன. நல்ல தசைகளும் மிச்சம் இருக்கின்றன என்று அவருக்கு அப்போது புரிந்தது.

நல்ல தசையின் நாரை எடுத்து, செத்துப் போன தசையின் வேலையை அதற்குக் கொடுத்தால் என்ன? 1948-ல் அப்படி ஓர் அறுவை செய்து பார்த்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. சோற்றை அள்ள முடிந்தது. பேனா பிடிக்க முடிந்தது.

வலி இல்லாதது வரமா?

தொழுநோயால் விரல் தானாக அழுகி விழுகிறது என்றே உலகம் நம்பி வந்தது. அது சரிதானா என்று பிராண்ட் ஆராய்ந்தார்.

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்கவில்லை. தொழுநோய் கண்ட ஒரு சிறுவன் வந்தான். சாவியைச் சட்டென்று திருகித் திறந்து விட்டான். பிராண்ட் அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். விரலில் சதை கிழிந்து எலும்பு தெரிந்தது. சிறுவனுக்கு அது தெரியவே இல்லை!

விரலைக் கெடுப்பது அழுகல் அல்ல, வலி இல்லாமைதான். வலி இருந்தால் நாம் கையை விட்டிருப்போம். அவன் விடவில்லை. சூடான பாத்திரம், ஆணி, உரசும் செருப்பு எல்லாம் தெரியாமலே புண்ணாக்கும். இரவில் எலி வந்து கடித்தாலும் தூங்குபவருக்குத் தெரியாது. எலியை விரட்ட நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள் என்பது வேடிக்கையல்ல, உண்மை.

கை வந்தது, வேலை வரவில்லை

விரல் நிமிர்ந்தவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். உடம்பில் கிருமி இல்லை. கையில் வலு இருந்தது. ஆனாலும் சிலர் சோர்ந்த முகத்தோடு வேலூருக்கே திரும்பி வந்தார்கள்.

மடங்கிய கையைக் கண்டு பிச்சையாவது போட்டார்கள். இப்போது கை நன்றாக இருக்கிறது; ஆகவே பிச்சையும் இல்லை. முகத்தைப் பார்த்ததும் நோய் தெரிகிறது. ஆகவே வேலையும் இல்லை. இதுவே அவர்கள் நிலை.

பிராண்ட் இரண்டு வழி தேடினார். ஒன்று தொழில். வேலூரில் புதுவாழ்வு நிலையம் ஒன்றை அமைத்து, நோயாளிகளுக்குத் தச்சு வேலையும் பொம்மை செய்யவும் கற்றுக் கொடுத்தார். கருவிகளின் பிடியைப் புண் படாதபடி மாற்றினார். இளமையில் இழைத்த மரம் இப்போது அவருக்குக் கைகொடுத்தது.

இன்னொன்று முகம்.

முகம் சொல்லும் சேதி

தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம் பிடிக்கும். அதனால் காது மடல், மூக்கு, புருவம் ஆகிய இடங்களில் அது குடியேறும். புருவத்தின் வெளி ஓரத்தில் முடி முதலில் உதிரும். பிறகு முழுவதும் போகும். மருந்தால் கிருமி செத்தாலும், அழிந்த வேர் திரும்பி வராது.

புருவம் இல்லாத முகம் ஊராருக்கு ஓர் அறிவிப்புப் பலகை மாதிரி ஆகி விட்டது. கடைக்காரர் உள்ளே விடமாட்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். பெண் கேட்டுப் போனால் கதவு அடைபடும். கரியால் புருவம் தீட்டிக் கொண்டாலும் வியர்வை காட்டிக் கொடுத்து விடும்.

காதருகே ஒரு துண்டு

உங்கள் காதுக்கு முன்னால், கன்னப்பொறியில் விரலை வைத்துப் பாருங்கள். மெல்லத் துடிப்பது தெரியும். தலைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் அங்கே மேலேறுகிறது.

காதுக்கு மேலே முடியுள்ள தோலில், புருவம் அளவுக்கு ஒரு கீற்றை டாக்டர்கள் வெட்டுவார்கள். ரத்தக் குழாயைத் துண்டிக்க மாட்டார்கள். குழாய் என்ற கொடியில் தொங்கும் காய்போல அந்தக் கீற்று இருக்கும். பிறகு நெற்றித் தோலுக்கு அடியில் ஒரு சிறு சுரங்கம் செய்வார்கள். அந்த வழியாகக் கீற்றை இழுத்து வந்து, கண்ணுக்கு மேலே வைத்துத் தைப்பார்கள். ரத்த ஓட்டம் நிற்காததால் கீற்று சாகாது. முடியும் வளரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புருவ முடி ஓரளவு வளர்ந்து நின்று விடும். தலைமுடி நிற்காது. வேரை எங்கே கொண்டு போய் வைத்தாலும் அது தன் பிறந்த குணத்தை விடுவதில்லை. ஆகவே புதுப் புருவம் தலைமுடி போலவே நீளமாக வளர்ந்தது. அடிக்கடி கத்தரிக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பினார்கள்.

சிலர் கத்தரிக்கவே இல்லை! பல ஆண்டுகள் புருவமே இல்லாமல் தலைகுனிந்து நடந்தவர்கள் அவர்கள். இப்போது அடர்ந்து தொங்கும் புருவத்தோடு பெருமையாக நடந்தார்கள். நமக்குத் தொல்லையாகத் தெரியும் நாலு முடி, அவர்களுக்குப் பெரிய சொத்து.

புருவத்தோடு வேலை முடியவில்லை. உள்சதை சுருங்கி அமுங்கிய மூக்கை, உள்ளிருந்து தூக்கி நிறுத்தினார்கள். மூட முடியாத இமைக்கு, வாயை மெல்லும் தசையின் ஒரு பகுதியைக் கொண்டு வந்து இணைத்தார்கள். வாயை மென்றால் கண் மூடும்! கண் வைத்தியத்தில் தேர்ந்த மார்கரெட் அம்மையார் பலருடைய பார்வையைக் காப்பாற்றினார்.

கடல் கடந்த புகழ்

வேலூருக்கு அருகில் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. பல நாட்டு டாக்டர்கள் அங்கு வந்து கற்றார்கள். 1960-ல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு பிராண்டுக்குக் கிடைத்தது. 1961-ல் பிரிட்டிஷ் அரசு சி.பி.இ. பட்டம் அளித்தது.

1966-ல் அவர் அமெரிக்கா சென்று, கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணிபுரிந்தார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணைப் பார்த்தார். அதற்கும் காரணம் வலி தெரியாமைதான் என்று கண்டு, கால் காக்கும் முறைகளைப் பரப்பினார். இன்று சர்க்கரை நோயாளியிடம், தினமும் பாதத்தைப் பார், வெறுங்காலோடு நடக்காதே என்று டாக்டர் சொல்கிறார் அல்லவா? அந்த அறிவுரையில் வேலூர் நோயாளிகள் கற்றுத் தந்த பாடமும் இருக்கிறது.

தாய் ஈவ்லின் அம்மையார் மலைமக்களை விட்டுப் போகவில்லை. தள்ளாத வயதிலும் மலைகளில் ஊர் ஊராகச் சென்று தொண்டு செய்து, 1974-ல் 95-வது வயதில் மறைந்தார். 2003-ஆம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி, அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பால் பிராண்ட் காலமானார்.

புருவம் போகும் முன்னே

இன்று தொழுநோய்க்குக் கூட்டு மருந்து இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ விடாமல் சாப்பிட்டால் குணமாகும். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்க இடம் தந்த சட்டப் பிரிவுகளும் 2019-ல் நீக்கப்பட்டன.

தோலில் நிறம் வெளுத்த, உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் மறைக்காதீர்கள். புருவ ஓரம் காரணமின்றி உதிர்ந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். எல்லாப் புருவ உதிர்வும் தொழுநோய் ஆகாது. தைராய்டு கோளாறாலும் உதிரலாம். எதுவென்று டாக்டர் பார்த்துச் சொல்வார். ஆரம்பத்திலேயே மருந்து சாப்பிட்டால் கை மடங்காது, முகமும் கெடாது.

பால் பிராண்ட் காதருகே இருந்து எடுத்து வைத்தது ஒரு கீற்றுத் தோல்தான். ஆனால் அதை வைத்துக் கொண்டு ஒருவர் பஸ் ஏறினார், கடைக்குப் போனார், வேலை கேட்டார். நோய் தீர்ந்த பிறகும் ஒருவரை விலக்கி வைக்கும் குணம் நம்மிடம் இருந்தால், அதற்கு மட்டும் எந்த டாக்டரிடமும் கத்தி இல்லை. அதை நாமேதான் வேரோடு எடுக்க வேண்டும்.