இசையமைப்பாளர் எஸ். எம். சுப்பையா நாயுடு

இக்காலத்தில் திரைப்படங்களுக்கு இசையமைப்போர் பலர், தனியறை ஒன்றில் அமர்ந்து, மின்னணுக் கருவியின் கட்டைகளை அழுத்தியே குழலையும் வீணையையும் வயலின் கூட்டத்தையும் ஒலிக்கச் செய்கின்றனர். வாத்தியக்காரர் பலர் ஒரே கூடத்தில் நெருங்கி அமர்ந்து, ஒருவர் கையசைவை நோக்கி வாசித்த காலம் ஒன்றிருந்தது. அக்காலத்தில் நம் கோயமுத்தூரிலிருந்து தமிழ்நாடெங்கும் பாட்டுக்களை அனுப்பிய எஸ். எம். சுப்பையா நாயுடு அவர்களின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1914-ல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த இவர், இளமையிலேயே நாடகக் கம்பெனியிற் சேர்ந்து இசை பயின்றார். தமிழ்ப் பேசும்படம் 1931-ல் தோன்றியபோது, நடிகர் தாமே பாட, வாத்தியக்காரர் காமிராவின் கண்ணுக்குத் தப்பி மறைந்திருந்து வாசிப்பர். பின்னணிப் பாட்டு வந்த பின்னரே இசைப்பதிவு தனித்தொழிலாயிற்று. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் பிக்சர்ஸார் எடுத்த ராஜகுமாரி (1947) முதலிய படங்களுக்கு நாயுடுவே இசையமைத்தார்.

அவர் மெட்டமைத்தது ஆர்மோனியத்தில். நம் தேவாலயங்களிலும் முழங்கும் அக்கருவி மேனாட்டினின்று வந்தது. நம் இசையின் கமகத்திற்கு ஒவ்வாதெனக் கூறி, அகில இந்திய வானொலியார் 1940-ல் அதனை விலக்கியும் வைத்தனர். ஆதலின் புதுக்கருவி என்னும் ஒன்றே பற்றி மின்னணுக் கருவியை இகழ நாம் துணியோம். அக்கூடத்தில் இருந்து இவ்வறையில் இல்லாதது யாதென்பதே நம் கேள்வி.

அங்கே எடுபிடி வேலை செய்த சிறுவன் ஒருவன் இருந்தான். ஆசிரியர் இல்லாத வேளையில் அவருடைய ஆர்மோனியத்தை எடுத்து, அவருக்குப் பிடிபடாதிருந்த பாட்டொன்றிற்கு மெட்டமைத்து வாசித்தான். நாயுடு அதனைக் கேட்டு மகிழ்ந்து, அபிமன்யு (1948) படத்திற் சேர்த்தார். சிறுவன் செய்ததெனின் முதலாளிகள் தள்ளிவிடுவர் என்றஞ்சித் தம் பெயரிலேயே வெளியிட்டார். இது குற்றமன்றோ என்று நாமும் முதலில் எண்ணினோம். ஆயின், ஜூபிடரார் கோவையை விட்டுச் சென்னைக்குப் பெயர்ந்து வேலையாட்களை நீக்கியபோது, அவர் முதலாளி சோமசுந்தரத்திடம் உண்மையை உள்ளவாறே உரைத்து, அவனைக் கைவிடாது உடனழைத்துச் செல்லுமாறு வேண்டினார். புகழைத் தம்மிடம் வைத்துக்கொள்ள எளிதாயிருந்த நாளில் அதனை உரியவனிடம் ஒப்படைத்தார். அச்சிறுவனே பின்னர் மெல்லிசை மன்னர் எனப் பெயர்பெற்ற எம். எஸ். விசுவநாதன்.

நாயுடுவின் கை தளர்ந்திலது. கிருஷ்ண விஜயத்தில் (1950) டி. எம். சௌந்தரராஜனை முதன்முதற் பாடச்செய்தவர் அவரே. நாமக்கல் கவிஞரின் நாவலைத் தழுவி நம் கோவைப் பட்சிராஜா ஸ்டூடியோவினர் எடுத்த மலைக்கள்ளன் (1954), குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. அதற்கும் இசை அவருடையதே. கொஞ்சும் சலங்கையில் (1962) காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தோடு எஸ். ஜானகியின் குரலை ஆபேரியில் இணைத்தார். நாதஸ்வர ஒலியை இன்று கட்டையை அழுத்தியும் எழுப்பலாம். ஆயினும் காருகுறிச்சியாரின் மூச்சு சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லும் அவ்விடத்தைக் கேட்டவர், வேறுபாட்டைத் தாமே உணர்வர்.

முதுமையில் அவரையும் அவர் மனைவியாரையும் விசுவநாதன் தம் இல்லத்தில் வைத்துப் பேணினார். 1979-ல் நாயுடு மறைந்தபோது, மகன் செய்யவேண்டிய கடன்களை அவரே செய்தார்.