71 கிராம் தூண்டில் பை

1883-ஆம் ஆண்டு கோடைக்காலம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வடபகுதியில், அடிரோன்டாக் மலைக்காட்டு ஏரிகளில் 61 வயதான ஒருவர் தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். எடை ஏறத்தாழ 48 கிலோ. காசநோயால் மெலிந்த உடல். ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும் வரை இருந்த காட்டுப் பாதைகளில், படகைத் தாமே தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். அந்தக் கோடையில் அவர் இப்படிக் கடந்த தூரம் 266 மைல், அதாவது ஏறத்தாழ 428 கிலோமீட்டர்.

அந்தப் படகின் எடை பத்தரை பவுண்டு. நாம் கடையில் வாங்கும் 5 கிலோ அரிசிப் பையைவிடச் சற்றுக் குறைவு!

அவர் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ். 'நெஸ்மக்' என்ற புனைபெயரில்தான் வாசகர்கள் அவரை அறிந்திருந்தார்கள். மீன்பிடிப்பவர்கள், முகாமிடுபவர்கள், படகோட்டுபவர்கள் நடுவில் இன்றும் பேசப்படும் பெயர் அது. தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவது எப்படி என்று எழுதியவர்களில் அவர் ஒரு முன்னோடி. அவருடைய வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கியபோது எனக்குள் ஒரு கேள்விதான் இருந்தது. ஒரு மனிதர் எதற்காக ஒவ்வொரு கிராமையும் எண்ணிக் குறைக்க வேண்டும்? அதற்கான விடை அவருடைய உடலிலும் பணப்பையிலும் இருந்தது என்பதைப் போகப் போகப் புரிந்துகொண்டேன்.

ஆலைச் சிறுவன்

சியர்ஸ் 1821-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் மூத்தவர். எட்டு வயதிலேயே ஆலை வேலைக்கு அனுப்பப்பட்டார். அந்த வயதுப் பையனுக்கு ஆலையின் நான்கு சுவர்கள் சிறையாகவே இருந்திருக்கும். அவருக்கு வெளி உலகத்தைக் காட்டியவர் பழங்குடியைச் சேர்ந்த ஓர் இளைஞர். பெயர் நெஸ்மக். நரகான்செட் மொழியில் அது ஒரு வகைக் காட்டு வாத்தின் பெயர். வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் காட்டில் தங்கவும் அந்த இளைஞர்தான் சிறுவன் சியர்ஸுக்குக் கற்றுக்கொடுத்தார். எழுத வந்தபோது சியர்ஸ் தமக்குச் சூட்டிக்கொண்டது தம் முதல் ஆசானின் பெயரையே. பள்ளிக்கூடம் சரியாக வாய்க்காத ஒருவர் தம் குருவுக்குச் செலுத்திய காணிக்கையாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

பிறகு கடல் அழைத்தது. சிறு வயதில் மீன்பிடிப் படகுகளில் வேலை செய்தார். 19 வயதில் திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறித் தென் பசிபிக் கடலுக்குப் போனார். பின்னாளில் 'மோபி டிக்' நாவலை எழுதிய ஹெர்மன் மெல்வில் அதே கடலுக்குக் கப்பலேறியதும் அதே 1841-ஆம் ஆண்டில்தான். திரும்பி வந்த சியர்ஸ் செருப்புத் தைக்கும் தொழிலைச் செய்தார். 1848-இல் குடும்பம் பென்சில்வேனியா மாநிலத்தின் வெல்ஸ்போரோ என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. கடைசிவரை அதுவே அவருக்குச் சொந்த ஊர். உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றில் ஆசிரியராகவும் இருந்தார். இடையில் பிரேசிலுக்குச் சென்று அமேசான் காடுகளையும் பார்த்துவிட்டு வந்தார். எந்த வேலையும் அவரைப் பணக்காரராக்கவில்லை.

வழிகாட்டிக்குக் கொடுக்கப் பணமில்லை

அடிரோன்டாக் காடு அந்தக் காலத்தில் வசதி படைத்த நகரத்தவர்களின் கனவு இடம். 1869-இல் வில்லியம் முர்ரே என்ற பாதிரியார் அந்தக் காட்டைப் பற்றி எழுதிய புத்தகம் வெளிவந்ததும் கூட்டம் அலைமோதியது. வந்தவர்கள் கூலிக்கு ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்வார்கள். படகு ஓட்டுவது, சமைப்பது, ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் படகைச் சுமப்பது எல்லாம் அவர் வேலை. அந்த வழிகாட்டிகளின் படகுகள் ஏறத்தாழ 30 கிலோ எடை கொண்டவை.

சியர்ஸால் வழிகாட்டிக்குக் கூலி கொடுக்க முடியாது. 30 கிலோ படகைச் சுமக்க அவர் உடலும் இடங்கொடுக்காது. காட்டுக் காற்றுதான் நோய்க்கு மருந்து என்று நம்பிய அவருக்கு இரண்டே வழிகள் இருந்தன. வீட்டிலேயே இருப்பது அல்லது சுமையைக் குறைப்பது. இரண்டாவதை அவர் தேர்ந்தெடுத்தார்.

நியூயார்க் மாநிலத்தின் கேன்டன் ஊரில் ஜே. ஹென்றி ரஷ்டன் என்ற படகுக் கைவினைஞர் இருந்தார். அவரிடம் சியர்ஸ் மிக இலேசான ஒரு படகு கேட்டார். 1880-இல் வந்த முதல் படகு ஏறத்தாழ 8 கிலோ. அடுத்தது அதைவிடக் குறைவு. மூன்றாவதுதான் நாம் தொடக்கத்தில் பார்த்த பத்தரை பவுண்டுப் படகு. ஒன்பதடி நீளம். மெல்லிய தேவதாரு இனப் பலகைகளால் ஆனது. இதற்கு மேல் சிறிய படகு கேட்காதீர்கள், இது சலித்துவிட்டால் சூப்புக் கிண்ணமாக வைத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் ரஷ்டன் அவருக்கு வேடிக்கையாகக் கடிதம் எழுதினார்.

அந்தப் படகுக்குச் சியர்ஸ் வைத்த பெயர் 'சேரி கேம்ப்'. சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'மார்ட்டின் சஸ்ல்விட்' நாவலில் வரும் ஒரு தாதி அவள். மதுவில் மிகுந்த பிரியம், தண்ணீரைத் தொடமாட்டாள். இந்தப் படகும் உள்ளே தண்ணீரை விடாது என்பதால் அந்தப் பெயர்! நோயிலும் வறுமையிலும் அந்த மனிதரின் நகைச்சுவை குறையவில்லை.

பையில் என்ன இருந்தது?

அடிரோன்டாக் பயணங்களைப் பற்றி 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' என்ற வார இதழில் அவர் தொடர்ந்து எழுதினார். 1884-இல் 'உட்கிராஃப்ட்' என்ற அவருடைய சிறு புத்தகம் வெளிவந்தது. இன்றும் அச்சில் கிடைக்கும் அந்தப் புத்தகத்தில் தம் சுமையை அவர் கணக்கோடு சொல்லியிருக்கிறார். படகு, மாற்றுடை, போர்வைப் பை, இரண்டு நாள் உணவு, கைக்கோடரி, தூண்டில் கோல், முதுகுப்பை எல்லாம் சேர்ந்து 26 பவுண்டைத் தாண்டியதில்லை. ஏறத்தாழ 11.8 கிலோ. எந்த இரவும் காட்டில் தங்குவதற்கு அது போதும். அதே வழியில் அவர் சந்தித்த கனவான்களோ வழிகாட்டியை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் விடுதிகளில் தங்கிக்கொண்டு, இரண்டு தூண்டில் கோல், கனமான துப்பாக்கி, சட்டி பானை, கூடுதல் காலணி என்று கூடை நிறையச் சுமந்தார்கள். அது ஏன் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

என்னை மிகவும் ஈர்த்தது அவருடைய சின்னஞ்சிறு தோல் பைதான். தொப்பியைப் போல எந்நேரமும் உடலோடு இருந்த பை அது. அதில் இருந்தவை இவை: மிகச் சிறியது முதல் பெரியது வரை பன்னிரண்டு தூண்டில் முட்கள். ஐந்தரை மீட்டர் நீளத்தில் நான்கு தூண்டில் நூல்கள், அவற்றில் தடித்தது நாலரைக் கிலோ மீனைத் தாங்கும். ஈயக் குண்டுகள். முட்களைத் தீட்ட மெல்லிய அரம். சில ஊசிகள், ஒரு டஜன் பொத்தான்கள், தையல் நூல், காலுறை தைக்கக் கம்பளி நூல். காயத்துக்கு ஒட்டும் களிம்பு. தேன்மெழுகு, அதோடு செருப்புத் தைப்பவர்கள் நூலுக்குத் தடவும் மெழுகில் ஒரு துண்டு. பையோடு சேர்த்து மொத்த எடை இரண்டரை அவுன்ஸ். நம் கணக்கில் 71 கிராம். ஒரு கோழி முட்டையைவிடச் சற்றே கூடுதல்!

இந்தப் பட்டியலைப் பல முறை படித்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் ஏதோ கையில் கிடைத்ததைப் போட்டு வைத்ததுபோலத் தெரியும். கூர்ந்து பார்த்தால் ஒரு கணக்கு தெரிகிறது. முள் மழுங்கினால் வேறு முள் தேட வேண்டாம், தீட்டிக்கொள்ள அரம் இருக்கிறது. காலுறை கிழிந்தால் இன்னொரு சோடி வேண்டாம், நூல் இருக்கிறது. கூடுதல் பொருளைச் சுமப்பதற்குப் பதிலாக, இருக்கும் பொருளைப் பழுதுபார்க்கும் வழியைச் சுமந்திருக்கிறார். அந்த மெழுகுத் துண்டு அவருடைய தொழிலிலிருந்து வந்தது. கை பழகிய வேலை, பையின் எடையைக் குறைத்திருக்கிறது.

அவர் எதையெல்லாம் விட்டுவிடவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. அடிரோன்டாக் காட்டில் கோடையில் கொசுவும் கடிக்கும் பூச்சிகளும் மொய்க்கும். அதற்குப் பைன் மரத் தார் மூன்று பங்கு, விளக்கெண்ணெய் இரண்டு பங்கு, பென்னிராயல் என்ற புதினா இன மூலிகையின் எண்ணெய் ஒரு பங்கு சேர்த்துக் காய்ச்சிய ஒரு பூச்சுத் தைலத்தைக் கட்டாயம் எடுத்துப் போனார். தம் கைக்கோடரியை, இரு பக்கமும் கூர் வைத்து, தனியாகச் செய்வித்தார். எடை குறைய வேண்டும் என்பதற்காக மட்டமான கருவியை எடுத்துப் போகவில்லை.

காட்டுக்குப் போவது கஷ்டப்படுவதற்காக என்ற எண்ணத்தையும் அவர் ஏற்கவில்லை. ஊரில் படும் கஷ்டம் போதாதா, காட்டிலாவது சுகமாக இருப்போம் என்பதே அவர் நிலைப்பாடு. காய்ந்த படுக்கை, நல்ல தீ, சுடச்சுடச் சாப்பாடு, நிம்மதியான உறக்கம் இவையெல்லாம் அவருக்கு அவசியம். அவற்றைக் குறைந்த பொருளில் பெற, தீ மூட்டவும் கூடாரம் அமைக்கவும் மீன் எங்கே நிற்கும் என்று கண்டுகொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் அவர் புத்தகம் கற்றுத் தருகிறது.

மறுபக்கம்

இவரைக் குறையே இல்லாத மனிதராக நான் காட்ட விரும்பவில்லை. அவருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர் கடல் கடந்தும் காட்டுக்குள்ளும் போன மாதங்களில், அவர் இறக்கி வைத்த குடும்பச் சுமையை வேறு யாரோ வீட்டில் தூக்கியிருக்க வேண்டும். அவருடைய புத்தகத்தில் கிராம் கணக்கு இருக்கிறது, அந்தச் சுமையின் கணக்கு இல்லை. அவரைப் பாராட்டும்போது இதையும் நினைவில் வைப்பதுதான் நேர்மை என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. இலேசான படகை அவர் தம் கையால் செய்யவில்லை. ரஷ்டனின் திறமை இல்லாமல் 'சேரி கேம்ப்' இல்லை. பதிலுக்கு, சியர்ஸின் கட்டுரைகள் ரஷ்டனின் பெயரை நாடெங்கும் கொண்டு சேர்த்தன. சிறுவயது ஆசான் நெஸ்மக்கிலிருந்து கேன்டன் படகுக் கைவினைஞர் வரை பலர் கொடுத்ததைக் கொண்டுதான் அவர் தனியாகப் பயணம் செய்ய முடிந்தது.

நமக்கு என்ன?

சியர்ஸ் 1890-ஆம் ஆண்டு மே முதல் தேதி வெல்ஸ்போரோவில் இறந்தார். பணமோ சொத்தோ சேர்த்துவைத்தவர் அல்லர். 'சேரி கேம்ப்' ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உடைமையாகி, அடிரோன்டாக் வட்டாரத்து அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

இன்று 'இலேசான' பொருள்களுக்குத் தனிச் சந்தையே இருக்கிறது. எடை குறையக் குறைய விலை ஏறுகிறது. மீன்பிடிக் கடைக்குள் போனால் தூண்டில் கோல், சக்கரம், விதவிதமான போலி இரைகள் என்று எதைப் பார்த்தாலும் அவசியமாகத் தெரியும். மாணவர்களாகிய நம்மில் பலருக்கு அதையெல்லாம் வாங்க முடியாது. முடியாததால் போகாமலே இருந்துவிடுகிறோம். முகாமுக்கு மட்டும் இது பொருந்துவதில்லை. நல்ல கேமரா இல்லை, நல்ல கணினி இல்லை என்று நாம் தள்ளிப்போடும் முயற்சிகள் எத்தனை!

பணமும் உடல்பலமும் இல்லாத ஒரு செருப்புத் தொழிலாளி, அந்த இரண்டும் தேவைப்பட்ட ஓர் இடத்துக்குள் நுழைந்து 266 மைல் போய்வந்தார். சுமையைக் குறைத்தது அவருக்கு அலங்காரமோ துறவோ அல்ல, அந்தக் காட்டுக்குள் போவதற்கான ஒரே கதவு. அடுத்த முறை பை கட்டும்போது, இதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பதற்கு முன் இன்னொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்தப் பொருளின் வேலையைச் செய்ய நான் எதையாவது கற்றுக்கொள்ள முடியுமா? முடியும் என்றால், அந்தப் பொருளை வீட்டிலேயே விட்டுவிடலாம். கற்றுக்கொண்டதற்கு எடை கிடையாது.